பெயர் சொல்லாத வள்ளங்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் போனால் குச்சவெளி. அதையும் தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வழியில், கடலை ஒட்டிக் கல்லராவ என்ற சிற்றூர் இருக்கிறது. 2024 ஜூனில், இந்தியா கொடுத்த 60 இலட்சம் டொலர் நன்கொடையில், கடலில் ஆபத்தில் சிக்குவோரைத் தேடி மீட்பதற்கான இலங்கையின் ஒருங்கிணைப்பு நிலையம் திறந்துவைக்கப்பட்டது. தலைமையிடம் கொழும்பில் கடற்படைத் தலைமையகம். அத்துடன் கரையைச் சுற்றி ஆளில்லாமல் இயங்கும் சில உபநிலையங்கள்: காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை, முள்ளிக்குளம். இந்தப் பட்டியலில் கல்லராவயும் ஒன்று. ஊர்ப் பெயரைக் கேட்டால் திருமலைக்காரரே ஒரு கணம் யோசிக்கும் இடத்தில், கடலுக்குக் காது கொடுக்கும் ஒரு கருவி.

ஆனால் இப்படிப்பட்ட காதுக்கு யாராவது பேசினால்தான் கேட்கும். ஆபத்து என்று வானொலியில் அழைக்க வேண்டும். அல்லது கப்பல் தன் பெயரையும் திசையையும் வேகத்தையும் தானியங்கி அடையாளக் கருவி வழியாக ஒலிபரப்ப வேண்டும். சர்வதேசப் பயணம் போகும், 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது உலக விதி. பிறிமா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு வரும் கப்பல், சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிளிங்கர் ஏற்றிவரும் கப்பல் எல்லாம் கொட்டியாரக்குடாவுக்குள் நுழையும் முன்பே தம் பெயரைச் சொல்லிவிடுகின்றன. குச்சவெளியில் இருந்து விடியப்புறம் புறப்படும் பைபர் வள்ளம் எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

கடலுக்குள் நிலைமை வேறு. அங்கே யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை, இயந்திரமே பேசிவிடும். நீருக்குள் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் வேகத்தில் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஒளி சில பத்து மீற்றரில் மங்கிவிடும், வானொலி அலை உப்புநீரில் உடனே சாகும். ஆகவே தண்ணீருக்குள் தூரத்தை அறிய ஒலியை விட்டால் வேறு வழியில்லை. கேட்ட ஒலி எந்தக் கப்பலுடையது என்று சொல்வதுதான் சிக்கல். நூறாண்டாகச் சோனார் மாலுமியின் காதிலும் அனுபவத்திலும் தங்கியிருந்த அந்த வேலையைக் கணினி மென்பொருளிடம் ஒப்படைக்கும் முயற்சி இப்போது உலகெங்கும் நடக்கிறது. அது எவ்வளவு தூரம் பலித்திருக்கிறது, திருமலைக் கடல் போன்ற ஒரு கடலில் எங்கே தடுக்கி விழுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கருவி வருவதற்கு முன்பே இந்தக் கரைக்குக் கேட்கத் தெரியும். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் பற்றித் தெரியாத கிழக்கு மாகாணத்தான் இல்லை. கல்லடிப் பாலத்தடியில், நிலாக் காலத்தில், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது ஊர் வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைத் தேடி வள்ளத்தில் போனார். பாடுவது மீனல்ல, ஊரி என்று மீனவர் தெளிவாகச் சொன்னதை எழுதியும் வைத்தார். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் சோனாரின் முழுப் பிரச்சினையும் அந்தத் துடுப்பில் இருக்கிறது: ஒலி கேட்கிறது, சந்தேகமில்லை, எழுப்புவது யார் என்பதில்தான் சண்டை.

இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை இந்தக் கலைக்குப் பெரிய பள்ளிக்கூடம். பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்து மலாக்கா நீரிணைக்குப் போய் வந்தன. 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அருகே ஜப்பானின் 'குமா' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்த 'டாலிஹோ' இந்தத் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பல்தான். நீர்மூழ்கிக்குள் கண் குருடு. ஒருவர் காதில் ஒலிவாங்கியின் குழலை மாட்டிக்கொண்டு, சுழல்விசிறியின் அடிகளை எண்ணி, இது வணிகக் கப்பலா போர்க்கப்பலா, எத்தனை சுற்று வேகம் என்று தளபதிக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படை இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இசைத் திறன் அளக்கும் சீஷோர் பரீட்சையை வைத்தது. இரண்டு சுருதிகளுக்கிடையே மயிரிழை வித்தியாசம் கேட்கத் தெரிந்தவன்தான் தேர்ச்சி பெறுவான். அளவெட்டி நாதஸ்வரக்காரர் யாராவது போயிருந்தால் முதல் நாளிலேயே வேலை கிடைத்திருக்கும்.

இசையை இங்கே இழுப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. சோனாரின் பகுப்பாய்வு உண்மையாகவே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுருதியைப் பார்ப்பது, மற்றது லயத்தைப் பார்ப்பது. கப்பலுக்குள் ஓடும் மின்பிறப்பாக்கி, பம்பி, பற்சக்கரம் எல்லாம் மாறாத சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் 50 ஹெர்ட்ஸ். அந்த முனகலே கப்பல் எந்தப் பக்கத்தது என்பதற்கு ஒரு துப்பு. சுழல்விசிறியின் இதழ்கள் தண்ணீரை வெட்டும்போது இதழ் முனையில் குமிழிகள் பிறந்து உடையும். அந்த இரைச்சல் விசிறி சுற்றும் தாளத்தில் ஏறி இறங்கும். அதுதான் லயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பெரிய கொள்கலன் கப்பலின் தண்டு நிமிடத்துக்கு 90 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு ஒன்றரைச் சுற்று. விசிறிக்கு ஐந்து இதழ் என்றால் செக்கனுக்கு ஏழரை வெட்டு. மீன்பிடி வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் 5,000 சுற்றில் ஓடி, பற்சக்கரம் அதைப் பாதியாகக் குறைத்தால், செக்கனுக்கு 40 சுற்றுக்கு மேல். மூன்று இதழுக்கு 120 வெட்டுக்கு மேல். ஒன்று மிருதங்கத்தின் விளம்பித நடை, மற்றது தவிலின் உச்ச கட்டம். இவை இரண்டையும் பிரித்தறிய மென்பொருள் தேவையில்லை, சிறு பிள்ளைக்கும் முடியும். ஒரே நிறுவனம் செய்த, ஒரே குதிரை வலுவுள்ள இரண்டு இயந்திரங்களைப் பிரிப்பதுதான் கடினம்.

காதில் கேட்பதைக் கண்ணுக்குக் காட்டினால் என்ன என்று யோசித்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார். மனிதப் பேச்சைப் படமாக வரைய அவர்கள் செய்த கருவி, 1950களின் தொடக்கத்தில் நீர்மூழ்கிகளின் தாழ்ந்த சுருதிகளைக் காகிதத்தில் கீறத் தொடங்கியது. பஹாமாஸின் எலியூத்தரா தீவுக் கரையில் தொடங்கிய அந்த ஒலிவாங்கி வலை பின்னர் அட்லாண்டிக் முழுவதும் பரந்தது. நேரம் ஓட ஓடக் காகிதத்தில் மங்கலான கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் ஒரு பம்பி, ஒரு பற்சக்கரம். கோடுகளின் வரிசையைப் பார்த்தே பயிற்சி பெற்றவர் கப்பலின் வகையைச் சொல்வார். இப்போது செயற்கை நுண்ணறிவு செய்வதும் அடிப்படையில் இதுதான். ஒலியைப் படமாக்கி, பூனையையும் நாயையும் பிரிக்கப் பழக்கிய அதே வகை வலைப்பின்னலிடம் கொடுக்கிறார்கள். எழுபது வருடத்துக்கு முந்திய காகிதச் சுருளின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம்.

இது எவ்வளவு பாரதூரமான வேலை என்பதற்கு நமது பக்கத்துக் கடலிலேயே சாட்சி உண்டு. 1971 டிசம்பர் 9ஆம் திகதி இரவு, குஜராத்தை ஒட்டிய டையூ கரைக்கு அப்பால், பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கி இந்தியாவின் 'குக்ரி' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். ஹங்கோர் தண்ணீருக்கடியில் ஓசையில்லாமல் கிடந்து, மேலே ஓடும் கப்பல்களின் இரைச்சலைக் கேட்டே பின்தொடர்ந்தது. குக்ரியோ தன் சோனாரை இன்னும் தூரம் கேட்கவைக்கும் ஒரு பரிசோதனைக்காக வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக ஓடினால் தன் சத்தமே தன் காதை அடைக்கும். மெதுவாக ஓடினால் எதிரிக்கு இலகுவான குறி. சோனார் உள்ள எந்தக் கப்பலும் இன்றுவரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தத்தளிக்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பின் இந்தியா சோனாரை வெளிநாட்டில் வாங்குவதைக் குறைத்தது. கொச்சியில் இருக்கும் கடற்படைப் பௌதிக, சமுத்திரவியல் ஆய்வுகூடம் 1980களில் முதல் உள்நாட்டுச் சோனாரைப் போர்க்கப்பலில் ஏற்றியது; அதன் வாரிசுகள் இப்போது 'கமோர்ட்டா' வகைக் கப்பல்களின் மூக்கில் இருக்கின்றன. அந்தக் கமோர்ட்டாவும் அதன் சகோதரக் கப்பல் 'கில்ட்டானும்' 2020 ஒக்டோபரில் இலங்கைக் கடற்படையுடன் கூட்டுப் பயிற்சிக்கு வந்தது திருகோணமலைக் கடலுக்குத்தான். வானத்திலிருந்து ஒலிவாங்கி மிதவைகளைக் கடலில் போட்டுக் கேட்கும் பி-8ஐ விமானங்களுக்கு 2013 முதல் வீடு அரக்கோணம். தமிழர் வாழும் இரு கரைகளுக்கு நடுவே உள்ள கடல், தமிழர் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு கேட்கும் போட்டியின் களம்.

போட்டியின் மற்றப் பக்கமும் தெரிந்ததே. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புக்கு இரண்டு தரம் வந்து போனது. 2022 ஓகஸ்டில் சீனக் கப்பல் 'யுவான் வாங் 5' அம்பாந்தோட்டைக்கும், 2023 ஒக்டோபரில் சீன ஆய்வுக் கப்பல் 'ஷி யான் 6' கொழும்புக்கும் வந்தன. டெல்லி முகம் சுளித்தது. 2024 ஜனவரியில் இருந்து ஒரு வருடத்துக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாம் என்று கொழும்பு அறிவித்தது. கடலின் வெப்பத்தையும் உப்பையும் ஆழம் ஆழமாக அளப்பதில் என்ன இராணுவ இரகசியம் இருக்கிறது என்று அப்போது பலர் கேட்டார்கள். இருக்கிறது. ஒலி எந்தப் பாதையில் வளையும் என்பதை அந்த இரண்டு எண்களும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

1930களில் அமெரிக்கக் கடற்படைக்குக் கரீபியன் கடலில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. காலையில் நன்றாக வேலை செய்யும் சோனார் மத்தியானத்துக்குப் பின் மந்தமாகிவிடும். மாலுமிகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் வெயில் மேல்நீரைச் சூடாக்கி, ஒலியைக் கீழ்நோக்கி வளைத்துக்கொண்டிருந்தது. நீரின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு இரண்டு மூன்று மீற்றர் ஏறும். அந்தச் சிறு வித்தியாசம் போதும், கப்பலின் குரல் கேட்பவனின் தலைக்கு மேலாலோ காலடியாலோ போய்விடும்.

கிழக்குக் கரையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். வாடைக்காற்றுக் காலத்தில், வங்கக் கடலுக்குள் பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீர் கலந்து உப்புக் குறைந்த மேல்நீர், இந்தியக் கரையோரமாக இறங்கி இலங்கையின் கிழக்கை உரசிப் போகும். சோழகக் காலத்தில் அது விலகிவிடும். மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக்குடாவில் இருந்து ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே சரிந்து இறங்குகிறது. குச்சவெளிப் பக்கமோ மணலும், புறாத்தீவைச் சுற்றிய முருகைக்கல்லும். ஒரே நாளில், பத்துப் பதினைந்து கடல் மைலுக்குள், ஒரே கப்பல் மூன்று குரலில் கேட்கக்கூடிய இடம் இது. கனடாவில் பழகிய மென்பொருளை இங்கே கொண்டுவந்து பொருத்தினால், யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் தெரிந்தவரை நாகர்கோவில் சந்தைக்கு அனுப்பிய கதைதான். சொல் ஒன்றுதான், காதுக்குள் போவது வேறு.

முருகைக்கல் என்றதும் இன்னொரு வம்புக்காரர் வருகிறார்: ஒற்றைக் கொடுக்கைப் படாரென மூடிச் சத்தமெழுப்பும் விரல் நீள இறால். வெப்பக் கடல்களின் ஆழமற்ற பாறைகளில் இவை இலட்சக்கணக்கில் வாழும். கருவியில் கேட்டால் தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல, இரவு பகல் ஓயாத படபடப்பு. கொடுக்கு மோதும் சத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டு நெதர்லாந்து, ஜெர்மன் ஆய்வாளர்கள் வேகப் படக்கருவியில் பிடித்துப் பார்த்தபோது, கொடுக்கு பீய்ச்சும் நீரில் பிறக்கும் குமிழி உடைவதே அந்த வெடி என்று தெரிந்தது. கப்பல் விசிறியின் இரைச்சலும் குமிழி உடைவதே அல்லவா? இறாலும் கப்பலும் ஒரே வாத்தியத்தைத்தான் வாசிக்கின்றன. மென்பொருளுக்கு அவற்றைப் பிரிப்பது ஏன் கடினம் என்பது இப்போது புரியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுகூடம் இதைப் புலம்பாமல், இறால்களின் வெடியையே விளக்கு வெளிச்சமாகக் கொண்டு நீருக்கடியில் உருவங்களைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டியது. வெப்பக் கடலில் வாழ்பவர்களுக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும்.

ஒலியை வைத்து ஆளை அடையாளம் காணும் கலையில் திருமலைக் கடலுக்கு ஒரு பெருமை உண்டு, போருடன் சம்பந்தமில்லாதது. 1980களின் தொடக்கத்தில் 'டூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள், ஹால் வைற்ஹெட்டும் ஜொனதன் கோர்டனும் அவர்களில் இருந்தார்கள், இலங்கையைச் சுற்றித் திமிங்கிலங்களைக் கேட்டுத் திரிந்தார்கள். எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஒவ்வொரு சொடுக்கும் அதன் பெரிய தலைக்குள் முன்னும் பின்னும் எதிரொலித்து, அடுத்தடுத்துப் பல துடிப்பாக வெளிவரும். துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால் தலையின் நீளம் தெரியும். தலையில் இருந்து உடலின் நீளம். கோர்டன் இந்த முறையை இலங்கைக் கடலின் திமிங்கிலங்களில் சோதித்து 1991இல் வெளியிட்டார். பார்க்காமலே அளவு சொல்வது! வடகிழக்குக் கரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களின் பாட்டும் அதே காலத்தில் பதிவானது. 'இலங்கைப் பாட்டு' என்று இன்று ஆய்வாளர் சொல்வது அதைத்தான்.

அந்த வழியில் 2021இல் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அணுகுண்டுச் சோதனையைக் காட்டிக்கொடுப்பதற்காகத் தியாகோ கார்சியாவுக்கு அருகே கடலில் வைத்த ஒலிவாங்கிகளின் பல வருடப் பதிவுகளை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கிளறினார்கள். அதுவரை யாருக்கும் பெயர் தெரியாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டம் தனிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சாகோஸ் கூட்டம் என்று பெயரிட்டார்கள். அதன் குரல் இலங்கைக் கரை வரை கேட்டிருக்கிறது. குண்டைத் தேடி வைத்த காது திமிங்கிலத்தைக் கண்டுபிடித்தது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதபோதும், பதிவுகள் பத்திரமாக இருந்தால் பின்னால் வருபவர் கேட்டு எடுப்பார்.

இனி மென்பொருளுக்கு வருவோம். கடற்படைகளின் ஒலிக் களஞ்சியங்கள் இரும்புப் பெட்டிக்குள் இருப்பவை. பிரான்ஸில் இந்தத் திறமை உள்ளவர்களைத் 'தங்கக் காது' என்றே அழைப்பார்கள். அவர்களுக்குத் தூலோன் துறைமுகத்தில் தனி நிலையமே உண்டு. அமெரிக்கா 1990களின் இறுதியில், தன் நீர்மூழ்கிகளின் சோனாரில் தனிச் சிறப்பான கருவிகளைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கிடைக்கும் கணினிச் செயலிகளைப் பூட்டத் தொடங்கியது; மென்பொருளை அடிக்கடி புதுப்பிக்கலாம் என்பதே காரணம். ஆனால் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது பொதுவில் உள்ள சில தொகுப்புகள்தான். அதிகம் பேசப்படுபவை இரண்டு.

ஒன்று ஸ்பெயினின் விகோ துறைமுகத்தைச் சுற்றிப் பதிந்து 2016இல் வெளியானது. 90 பதிவுகள், 11 வகைப் படகுகள். மற்றது 2021இல் சீனாவின் சியான் நகர ஆய்வாளர்கள் தொகுத்தது: 265 கப்பல்கள், 47 மணி நேர ஒலி. ஆனால் அந்த ஒலி சீனக் கடலில் பதிந்ததல்ல. கனடாவின் ஜோர்ஜியா நீரிணையில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஆய்வு ஒலிவாங்கிகளில் இருந்து எடுத்தது. சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல், இழுவைக் கப்பல் என்று நான்கே வகை. எந்த ஒலி எந்தக் கப்பலுடையது என்பதை யார் சொன்னார்கள்? கப்பல்களே சொன்னன. தானியங்கி அடையாளக் கருவியில் வந்த பெயரையும் நேரத்தையும் ஒலிப்பதிவுடன் பொருத்தி ஒட்டிய சீட்டுகள் அவை.

இந்த இடத்தில்தான் முழு விவகாரத்தின் முடிச்சும் இருக்கிறது. இயந்திரம் கற்பது, ஏற்கெனவே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும் கப்பல்களிடம். ஆனால் மென்பொருள் தேவைப்படுவது பெயரைச் சொல்லாதவனை அடையாளம் காண. கனடாக் கடலின் எண்ணெய்க் கப்பலைத் தொண்ணூற்றைந்து வீதம் சரியாகச் சொல்லும் திறமை, திருமலைத் துறைமுகக் காவலருக்கு அதிகம் உதவாது. எண்ணெய்க் கப்பல் எது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தத் தொண்ணூற்றைந்தையும் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது நல்லது. ஒரு கப்பலின் அரைமணிப் பதிவைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, அவற்றைக் குலுக்கி, சிலதைப் பாடமாகவும் சிலதைப் பரீட்சையாகவும் வைத்தால், மாணவன் வினாத்தாளை முதல் நாளே பார்த்துவிட்டான் என்று பொருள். அவன் கப்பல் வகையைக் கற்கவில்லை. அன்றைய கடலையும் அந்தப் பதிவின் பின்னணி இரைச்சலையும் மனனம் செய்திருக்கிறான். பரீட்சைக்கு முற்றிலும் வேறு கப்பல்களை வைத்தால் புள்ளி சரியும். துறைக்குள்ளேயே பலர் சுட்டிக்காட்டிய குறை இது. இருந்தும் கவர்ச்சியான வீதங்கள் தொடர்ந்து அச்சாகின்றன.

பெயர் சொல்லாதவர்கள் திருமலைக்குப் புதிதல்ல. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி அதிகாலை, விடுதலைப் புலிகளின் தற்கொலைச் சுழியோடிகள் துறைமுகத்துக்குள் நீந்திவந்து 'சூரய', 'ரணசுரு' என்ற இரு பீரங்கிப் படகுகளைத் தகர்த்தார்கள். சமாதானப் பேச்சு அத்துடன் முறிந்து மூன்றாம் ஈழப்போர் தொடங்கியது. 2008 மே 10ஆம் திகதி அதே துறைமுகத்தில் ஏ-520 என்ற விநியோகக் கப்பல் நீருக்கடியில் வைத்த குண்டால் அமிழ்ந்தது. இவற்றில் எந்தச் சுழல்விசிறியின் லயத்தைத் தேடுவது? சுழியோடி எழுப்பும் ஒரே தாளம் மூச்சு. மூன்று நான்கு செக்கனுக்கு ஒருதரம், குமிழியுடன். மூச்சுக் காற்றை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பக் கொடுக்கும் கருவி அணிந்தால் அதுவும் அடங்கிவிடும். துறைமுகத்தின் இறால் வெடிக்குள் அந்த மூச்சைப் பிரித்தெடுப்பது இன்றும் உலக ஆய்வுகூடங்கள் மண்டையை உடைக்கும் விடயம். போர்க்காலத்தில் கடற்படை கண்ட வழி எளியது: இரவு முழுக்க இடையிடையே தண்ணீருக்குள் சிறு வெடி போடுவது. அடையாளம் காணும் தொந்தரவே இல்லை, யாராக இருந்தாலும் காது கிழியும். மீனுக்கும்தான்.

தவறாக அடையாளம் கண்டால் என்ன நடக்கும்? சுவீடனைக் கேட்கலாம். 1981 ஒக்டோபரில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று அந்த நாட்டின் கடற்படைத் தளத்தின் வாசலில் பாறையில் ஏறி நின்றது. அதற்குப் பிறகு பல வருடங்கள் சுவீடன் கடற்படை தன் விரிகுடாக்களில் ஒரு மர்ம ஒலியைத் துரத்தியது. ரஷ்யா மீது குற்றச்சாட்டும் போனது. 1996இல் மக்னஸ் வால்பெரி, ஹாகான் வெஸ்டர்பெரி என்ற இரு ஆய்வாளர்களை அழைத்து இரகசியப் பதிவைக் கேட்கவைத்தார்கள். அது ஹெரிங் மீன் கூட்டம் பின்புறத்தால் காற்றை வெளியேற்றும் சத்தம். நகைச்சுவை நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் இரண்டு அரசுகள் ஒன்றையொன்று நம்பாமல் இருந்ததும் உண்மை. அங்கே கருவியில் பிழையில்லை. கேட்டது சரியாகவே கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஹெரிங் மீனின் பதிவு எவரிடமும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

திருமலைக் கடலின் களஞ்சியத்தில் என்ன இருக்க வேண்டும்? குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளிக் கரைகளின் பைபர் வள்ளங்கள். கொட்பே துறைமுகத்தின் பலநாட் படகுகள். கரைவலை வளைக்கப் போகும் வள்ளங்கள். கோடையில் மேற்குக் கரையிலிருந்து புல்மோட்டைப் பக்கம் வந்து வாடி போடும் மீனவரின் படகுகள். அடிமட்ட இழுவை வலைக்கு இலங்கை 2017இல் தடை போட்ட பிறகும் எல்லை தாண்டி வரும் தமிழகத்து இழுவைப்படகுகள். அவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது லொறி இயந்திரம்தான், அதன் குரல் வேறு. பலநாட் படகுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டதன் புண்ணியத்தில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்துவிட்டது. ஒருநாட் தொழிலுக்குப் போகும் சிறு வள்ளங்களே மிச்சம். எண்ணிக்கையில் அவைதான் அதிகம், ஒலிக் களஞ்சியங்களில் அவைதான் இல்லை.

விகோவின் தொகுப்பைத் திரும்பப் பார்த்தால் ஒரு விடயம் உறைக்கும். அதன் 11 வகைகளில் ஒன்று, அந்த ஊர் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் ஓட்டும் படகு. உலகின் பெரும்பாலான துறைமுகங்களுக்கு அது முக்கியமில்லை. விகோக்காரர் தம் கடலைத் தாமே பதிந்ததால் மட்டும் அது உள்ளே வந்தது. திருமலைக்கு அப்படி ஒன்று வேண்டுமானால், அதைக் கொச்சியோ சியானோ செய்து தரப்போவதில்லை. செய்தாலும் தம் கேள்விக்காகச் செய்வார்கள். நீர்மூழ்கியைத் தேடுபவருக்குப் பைபர் வள்ளம் ஓர் இடைஞ்சல், வடிகட்டி எறிய வேண்டிய இரைச்சல். கரையில் இருப்பவருக்கோ அந்த இரைச்சலுக்குள் இருப்பவர்தான் ஆள்: தொழிலுக்குப் போய் இயந்திரம் நின்றுபோனவர், இருட்டில் வலையை அறுத்துக்கொண்டு போன படகு, ஆமை முட்டையிடும் கரைக்கு அருகே டைனமைற் போடுபவர்.

செலவு பெரிதல்ல. ஒலிவாங்கியும் பதிகருவியும் நங்கூரமும் ஒரு பலநாட் படகின் விலையோடு ஒப்பிட்டால் கால் தூசு. கடினமானது சீட்டு ஒட்டுவது: இந்த நேரம் கடந்த ஒலி இந்த வள்ளத்துடையது என்று எவராவது சொல்ல வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறது. வள்ளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தத்தை வைத்து இது இன்னாருடைய இயந்திரம் என்று சொல்பவர்கள் எந்த மீன்வாடியிலும் உண்டு. வீட்டில் காத்திருக்கும் பெண்களுக்கும் அது தெரியும். கடற்தொழிலாளர் சங்கங்களிடம் வள்ளங்களின் பதிவிலக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் களஞ்சியம் யாரிடம் இருக்கும் என்ற கேள்வியைத் தாண்டாமல் எந்த மீனவரும் உதவ மாட்டார். போர்க்காலத்தில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுத்துக் கடலுக்குப் போன கரை இது. வள்ளத்தின் குரலை ஒப்படைப்பது இன்னொரு பாஸ் என்று அவர் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. மென்பொருள் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பக்கம் வருவதேயில்லை.

ஒருநாள் அந்தப் பதிவு நடந்தாலும் அது ஒருதரம் செய்து பூட்டிவைக்கும் வேலையாக இராது. கரையேற்றும்போது மணலில் உரசி விசிறி இதழ் தேயும். முருகைக்கல்லில் பட்டால் நெளியும். வாடைக்காலத்தில் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும் மாதங்களில் இயந்திரம் கழற்றிப் பழுதுபார்க்கப்படும், சிலது கைமாறும், சிலது பக்கத்து ஊர் வள்ளத்தில் ஏறும். மாசி, பங்குனியில் கடல் அடங்கித் தொழில் தொடங்கும்போது, போன வருடக் குரலுடன் வரும் வள்ளங்கள் பாதிதான் இருக்கும். மற்றப் பாதியை மறுபடி கேட்டுப் பதிய வேண்டும்.